கனத்த சொல்லும் கனிந்த சொல்லும்



பிழையே இல்லாமல் ஒருவர் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறார். எழுவாய் சரியாக இருக்கிறது. வினை சரியாக இருக்கிறது. எழுத்துக்கூட்டலிலும் குறை சொல்ல இடமில்லை. ஆயினும் அக்கடிதத்தைப் படிக்கும் ஆங்கிலேயர் ஒரு கணம் திகைத்துப் போகிறார். இலக்கணம் அத்தனையும் சரியாக இருந்தும் ஏதோ ஒன்று அவரை உறுத்துகிறது. அந்த உறுத்தல் எதனால் வருகிறது, அதை எப்படி நீக்கிக்கொள்வது என்பதைத்தான் இந்த மாதம் பேசவிருக்கிறோம்.

ஓர் உதாரணம் காண்போம். பிரிட்டனில் வாழும் நண்பர் ஒருவரின் தந்தை இறந்துவிடுகிறார். செய்தியறிந்த நம்மவர், உள்ளம் உருகி ஆறுதல் கடிதம் எழுத அமர்கிறார். ‘ஐ கேம் டு நோ தட் யுவர் ஃபாதர் எக்ஸ்பயர்டு’ என்று தொடங்குகிறார். அவருடைய துயரம் உண்மையானது. ஆனால் இன்றைய பிரிட்டனில் ‘எக்ஸ்பயர்’ என்னும் சொல் அன்றாடம் எவற்றுக்கு வழங்குகிறது தெரியுமா? தவணை முடிந்த பாஸ்போர்ட்டுக்கு, புதுப்பிக்காத ஓட்டுநர் உரிமத்திற்கு, தேதி கடந்த மருந்துப் புட்டிக்கு. தந்தையைப் பறிகொடுத்துத் தவிக்கும் மகனின் கண்ணில் அந்தச் சொல் பட்டால் அவன் மனம் என்ன பாடுபடும்?

அச்சொல்லை நம்மவர் இட்டுக்கட்டிவிடவில்லை. மூச்சை வெளியே விடுதல் என்பது அதன் மூலப் பொருள். இறுதி மூச்சு விடுதல் என்ற பொருளில் ஆங்கிலேயரும் அதைப் பல நூற்றாண்டுகளாக எழுதி வந்திருக்கிறார்கள். ஆயினும் இன்று ஒரு வீட்டு வாசலில் நின்று ஆறுதல் சொல்லும்போது எந்த ஆங்கிலேயரும் அதைச் சொல்வதில்லை. ‘ஐ வாஸ் ஸோ ஸாரி டு ஹியர் அபவுட் யுவர் ஃபாதர்’ என்பார். ‘டைட்’ என்று நேராகச் சொல்வார். சற்று மென்மை வேண்டுமென்றால் ‘பாஸ்ட் அவே’ என்பார். எல்லாம் சின்னஞ்சிறு சொற்கள். அவை மனத்தைத் தொடுகின்றன.

நம் மொழியையே எண்ணிப் பாருங்கள். இறந்துவிட்டார், மௌத்தாகிவிட்டார், வஃபாத்தானார்கள், காலமானார், மரணமடைந்தார், உயிர் நீத்தார் என எத்தனை சொற்கள்! அக்கம்பக்கத்தாரிடம் சொல்லும்போது எது வரும், பெரியோர் ஒருவரைப் பற்றி எழுதும்போது எது வரும், செய்தித்தாளில் எது வரும் என்பதை நமக்கு எவரும் பாடம் நடத்திக் கற்பிக்கவில்லை. காது அறியும், நாவு அறியும். பிறமொழியில் அந்தக் காதும் நாவும் நமக்கு வாய்க்க வேண்டுமானால் சற்று முயற்சி தேவைப்படுகிறது.

ஒரு மொழிக்குள் மூன்று அடுக்குகள்

ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு எளிய சொல் ஒன்றும் கனத்த சொல் ஒன்றும் அருகருகே நிற்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1066ஆம் ஆண்டில் நார்மண்டியின் கோமகனான வில்லியம், ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தின் அரியணை ஏறினார். அவரும் அவருடன் வந்த பிரபுக்களும் பேசியது பிரெஞ்சு மொழி. அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு. மடங்களிலும் கல்விக்கூடங்களிலும் லத்தீன். உழவனின் குடிசையிலும் தாயின் மடியிலும் ஆங்கிலம். இந்த நிலை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் நீடித்தது. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று 1362ஆம் ஆண்டில்தான் சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டிருந்தது என்பது வேடிக்கை. நீதிமன்றப் பதிவேடுகளிலிருந்து லத்தீன் நீங்குவதற்கு 1733 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பிளவின் தடயம் இன்றும் உணவுத் தட்டில் இருக்கிறது. உயிரோடு மேயும்போது ஆங்கிலத்தில் செம்மறியாட்டுக்கு ‘ஷீப்’ என்று பெயர். சமைத்து மேசைக்கு வந்தால் ‘மட்டன்’. மேய்த்தவன் ஆங்கிலம் பேசினான். உண்டவன் பிரெஞ்சு பேசினான். மாடும் அவ்வாறே, தொழுவத்தில் ‘ஆக்ஸ்’, தட்டில் ‘பீஃப்’. 1819ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த தம் ‘ஐவன்ஹோ’ நாவலில் சர் வால்டர் ஸ்காட் இந்த வேறுபாட்டை ஒரு பாத்திரத்தின் வாயிலாக நகைச்சுவையாக எடுத்துக்காட்டியிருக்கிறார். நம் வீட்டுப் பிரியாணிப் பேச்சில் அன்றாடம் புழங்கும் ‘மட்டன்’, நார்மண்டிப் பிரபுக்களின் மேசையிலிருந்து புறப்பட்டு இத்தனை தூரம் வந்து சேர்ந்த சொல்!

இவ்வாறு வேர் வேறான சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. கேட்டல் என்னும் ஒரு செயலுக்கு ‘ஆஸ்க்’ என்ற பழைய ஆங்கிலச் சொல் இருக்கிறது. பிரெஞ்சு வழி வந்த ‘க்வெஸ்டியன்’ இருக்கிறது. லத்தீன் வழி வந்த ‘இன்டர்ராகேட்’ இருக்கிறது. அகராதியில் மூன்றும் அண்டை வீட்டார். வாழ்க்கையிலோ, தாய் பிள்ளையிடம் கேட்பது முதற்சொல். ஆசிரியர் துருவிக் கேட்பது இரண்டாவது. காவல் நிலையத்தில் விசாரிப்பது மூன்றாவது. ‘என் மனைவி என்னிடம் நலம் விசாரித்தாள்’ என்று சொல்ல வந்தவர் மூன்றாவது சொல்லைப் போட்டால், வீட்டில் என்ன நடந்ததோ என்று கேட்பவர் அஞ்சுவார்.

‘பிகின்’ என்பதும் ‘கமென்ஸ்’ என்பதும், ‘பை’ என்பதும் ‘பர்ச்சேஸ்’ என்பதும், ‘லிவ்’ என்பதும் ‘ரிசைட்’ என்பதும், ‘ஹெல்ப்’ என்பதும் ‘அஸிஸ்ட்’ என்பதும், ‘இனஃப்’ என்பதும் ‘சஃபிஷியன்ட்’ என்பதும் இத்தகைய இணைகளே. முதலில் வருவது வீட்டுச் சொல். அடுத்து வருவது சபைச் சொல். பசியோடு வீடு திரும்பும் பிள்ளை ‘உம்மா, சோறு போடுங்கள்’ என்றுதான் சொல்லும். ‘அன்னையீர், அன்னம் பரிமாறி அருள்வீராக’ என்றால் உம்மா பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

நமக்கு இந்தப் பழக்கம் எவ்வாறு வந்தது?

நாம் ஆங்கிலத்தைத் தாய்மடியில் கற்கவில்லை; ஏட்டிலும் அலுவலகத்திலும் கற்றோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் நம் நாட்டவர் கண்ட ஆங்கிலம், கோப்புகளின் ஆங்கிலம். ‘தங்கள் மிகப் பணிவுள்ள ஊழியன்’ என்ற பொருளில் கடிதத்தை முடிப்பது அன்றைய ஆங்கிலேய அதிகாரிகளின் வழக்கமே. ‘டு த நீட்ஃபுல்’ என்பதும் அவர்கள் ஊரில் ஒருகாலத்தில் வழங்கியதே. பள்ளிகளில் நம் முன்னோர் படித்ததும் பதினெட்டாம் நூற்றாண்டு உரைநடை. அந்நூற்றாண்டின் பேரறிஞர் சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் புகழ்பெற்ற அகராதியில், மீனவன் கையிலிருக்கும் வலையைப் போன்ற எளிய பின்னலுக்குத் தந்த விளக்கம், அந்தப் பின்னலைவிடச் சிக்கலாக இருந்தது. அவரையும் அவர் காலத்தவரையும் முன்மாதிரியாகக் கொண்டு எழுதக் கற்றவர்களிடம் எளிமையை எப்படி எதிர்பார்ப்பது?

கற்பித்தவர்களே பின்னர் கற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். இந்தியர் ஒருவரின் பகட்டான ஆங்கிலத்தை நையாண்டி செய்து எஃப். ஆன்ஸ்டி என்ற எழுத்தாளர் ‘பாபு ஜாபர்ஜி, பி.ஏ.’ என்ற நூலை 1897ஆம் ஆண்டில் வெளியிட்டார். எஜமானர் தம் பழைய சட்டையைப் பணியாளுக்குக் கொடுத்துவிட்டு, ‘இதென்ன இப்படி உடுத்தியிருக்கிறாய்!’ என்று நகைத்த கதைதான் இது. பிரிட்டனில் மக்கள் அந்தச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். நாம் அதை இன்னும் துவைத்து, கஞ்சி போட்டு, பத்திரமாக உடுத்திக்கொண்டிருக்கிறோம்.

இதில் நாம் நாணப்பட ஏதுமில்லை. நம் நாட்டில் நமக்குள் வழங்கும் ஆங்கிலத்திற்கென்று ஒரு தனிப்போக்கு உண்டு. முன்கூட்டியே வைத்தல் என்ற பொருளில் நாம் வழங்கும் ‘ப்ரீபோன்’ ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் நம் கடிதத்தைப் படிப்பவர் வேறு நாட்டவராக இருக்கும்போது, அவருடைய காதுக்கு அது எப்படி ஒலிக்கும் என்று சிந்திப்பது எழுதுகிறவரின் கடமை. ‘ரிவெர்ட்’ என்றால் நமக்குப் பதில் எழுதுதல். பிரிட்டனில் பலருக்கு அது பழைய நிலைக்கே திரும்பிப் போதல். ‘ப்ளீஸ் ரிவெர்ட்’ என்று எழுதினால், எந்தப் பழைய நிலைக்கு என்று அவர் யோசிக்கக்கூடும். ‘ப்ளீஸ் ரிப்ளை’ என்றால் குழப்பமே இல்லை.

கண்டுபிடி, ஒத்திப்போடு, விட்டுக்கொடு

கனத்த சொற்களை நாம் நாடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வியப்பாகத் தோன்றலாம், நமக்குக் கனத்த சொற்களே எளிது! ‘போஸ்ட்போன்’ என்பதற்கு அகராதியில் ஒரே பொருள். மனப்பாடம் செய்துவிட்டால் முடிந்தது. ஆனால் ஆங்கிலேயர் வீட்டில் பேசும்போது ‘புட் ஆஃப்’ என்பார். ‘புட்’ தெரியும், ‘ஆஃப்’ தெரியும்; இரண்டும் சேர்ந்தால் தள்ளிவைத்தல் என்ற பொருள் எங்கிருந்து வந்தது? நமக்கு விளங்குவதில்லை. எனவே ஒதுங்கிப் போகிறோம். ‘ஃபைண்ட் அவுட்’ என்பதை விட்டு ‘அஸர்டெய்ன்’ என்கிறோம்; ‘புட் அவுட்’ என்பதை விட்டு ‘எக்ஸ்டிங்க்விஷ்’ என்கிறோம்; ‘கிவ் அப்’ என்பதை விட்டு ‘ரெலின்க்விஷ்’ என்கிறோம்.

இந்த அச்சம் தேவையற்றது. தமிழரான நமக்கு இந்த உத்தி புதிதன்று. கண்டுபிடி என்கிறோமே, அதில் காண்பதும் பிடிப்பதும் இருக்கின்றன. ஆனால் எதையும் கையால் பிடிப்பதில்லை. ‘ஃபைண்ட் அவுட்’ அதற்கு உடன்பிறப்பு. ஒத்திப்போடு என்கிறோம், ‘புட் ஆஃப்’ என்பதில் உள்ள போடுதல் அப்படியே இங்கும் இருக்கிறது. விட்டுக்கொடு என்றால் ‘கிவ் இன்’. அங்கும் கொடுத்தல், இங்கும் கொடுத்தல். கைவிடு என்பதில் கையும் இல்லை, விடுவதற்குப் பொருளும் இல்லை. ஆயினும் நம் வீட்டுக் குழந்தைக்கும் அது புரிகிறது. இத்தகைய கூட்டு வினைகளை மாதம் பத்து எனக் கற்றாலும் ஓராண்டில் நூற்றிருபது ஆகிவிடும். பேச்சு ஆங்கிலத்தின் உயிர் இவற்றில்தான் துடிக்கிறது.

அவர்களும் போராடித்தான் எளிமை கண்டார்கள்

ஆங்கிலேயரெல்லாம் பிறவியிலேயே எளிமையாக எழுதுகிறவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். தம் அலுவலகங்களில் குவிந்த சொற்குப்பையை அகற்ற அவர்கள் நூறாண்டுக்கு மேலாகப் போராடி வருகிறார்கள். ஃபௌலர் சகோதரர்கள் 1906இல் வெளியிட்ட ‘த கிங்ஸ் இங்கிலீஷ்’ என்ற நூல், தொலைவிலிருந்து இழுத்துவரும் சொல்லைவிடப் பழகிய சொல்லையும், நீண்டதைவிடக் குறுகியதையும், லத்தீன் வழிச் சொல்லைவிடப் பழைய ஆங்கிலச் சொல்லையும் விரும்பித் தேர்ந்தெடுக்கச் சொன்னது. போர் மேகம் சூழ்ந்திருந்த 1940 ஆகஸ்டு மாதத்தில் பிரதமர் சர்ச்சில், சுருக்கத்தை வலியுறுத்தித் தம் துறையினருக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அறிக்கைகளைச் சிறு பத்திகளில் எழுதுங்கள், பேச்சு வழக்கில் உள்ள சொற்றொடருக்கு அஞ்சாதீர்கள் என்பது அதன் சாரம்.

நம் பீகார் மாநிலத்தின் மோதிஹாரியில் 1903ஆம் ஆண்டில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல், 1946இல் எழுதிய கட்டுரையில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். அரசியல்வாதிகள் கொடிய செயல்களை மறைப்பதற்குக் கனத்த சொற்களைப் போர்வையாக்குகிறார்கள் என்று குற்றஞ்சாட்டினார். குறுகிய சொல் போதுமான இடத்தில் நீண்ட சொல்லை இடாதே என்பது அவர் வகுத்த ஆறு விதிகளுள் ஒன்று. அதற்கு ஈராண்டுகள் கழித்து, பிரிட்டிஷ் நிதித்துறையின் வேண்டுகோளின்படி சர் எர்னஸ்ட் கோவர்ஸ் என்ற மூத்த அதிகாரி, அரசு ஊழியர்களுக்காக ‘ப்ளெய்ன் வேர்ட்ஸ்’ என்ற சிறுநூலை எழுதினார். அலுவலக ஏடாகப் பிறந்த அந்நூல் மக்கள் விரும்பிப் படிக்கும் நூலாயிற்று. 1954இல் விரிவாக்கப்பட்ட அதனை அவருடைய கொள்ளுப்பேத்தி 2014இல் திருத்தி மீண்டும் பதிப்பித்தார்.

பதின்பருவம் வரை எழுதப் படிக்க அறியாதிருந்த லிவர்பூல் நகரத்துப் பெண்மணி கிரிஸ்ஸி மேஹர், 1979ஆம் ஆண்டில் லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்று, புரியாத அரசுப் படிவங்களை நூற்றுக்கணக்கில் துண்டு துண்டாக்கினார். எளிய ஆங்கில இயக்கம் அவ்வாறு பிறந்தது. படிவம் புரியாததால் உதவித்தொகை கிடைக்காமல் போகும் ஏழையின் வேதனை அவருக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் அரசு அலுவலகங்கள் மக்களுக்கு எளிமையாக எழுத வேண்டும் என்று 2010ஆம் ஆண்டில் சட்டமே இயற்றப்பட்டது.

மிகவும் பிடிவாதமானது நீதிமன்ற மொழி. அதுவும் இளகியது. இங்கிலாந்தில் 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உரிமையியல் நடைமுறை விதிகள், ‘ப்ளெயின்டிஃப்’ என்பதைக் ‘க்ளெய்மன்ட்’ என்றும், ‘ரிட்’ என்பதைக் ‘க்ளெய்ம் ஃபார்ம்’ என்றும், ‘மைனர்’ என்பதைச் ‘சைல்டு’ என்றும் மாற்றின. ‘இன் கேமரா’ என்ற லத்தீன் தொடரும் ‘இன் பிரைவேட்’ ஆயிற்று. அத்தொடரின் பொருள் மூடிய அறைக்குள் என்பது. அதைக் கேட்கும் சாமானியனோ, வழக்கு முழுவதையும் படம் பிடிக்கப் போகிறார்கள் என்று எண்ணுவான். சொல்ல வந்ததற்கு நேர் எதிரான பொருள்!

உயிரோடு தொடர்புடைய சொற்கள்

இதெல்லாம் நாகரிகம், நயம் பற்றிய பேச்சுத்தானே என்று சிலர் நினைக்கலாம். சொல்லின் கனம் உயிருக்கே உலை வைக்கும் இடங்களும் உண்டு. எளிதில் தீப்பற்றும் பொருள்களுக்கு ஆங்கிலத்தில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதி வந்தார்கள். ‘இன்’ என்று தொடங்கும் பல சொற்கள் எதிர்மறைப் பொருள் தருவதால், தீப்பற்றாத பொருள் என்று தவறாகக் கொள்ளும் ஆபத்து இருந்தது. ஆகவே பாதுகாப்பு வல்லுநர்கள் அந்த முன்னொட்டை வெட்டியெறிந்து ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதச் செய்தனர். எண்ணெய்க் கிடங்கிலும் தொழிற்சாலையிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள் இன்று டாங்கர் லாரிகளின் மேல் காணும் சொல் அதுதான்.

மருத்துவமனையிலும் இவ்வாறே. ‘க்ரானிக்’ என்று மருத்துவர் சொன்னால் நீண்டநாள் தொடரும் நோய் என்று பொருள். நோயாளிகள் பலர், மிகக் கடுமையான நோய் என்று கருதிக் கலங்கிவிடுகிறார்கள். ‘ரீனல்’ என்பது சிறுநீரகத்தைப் பற்றியது என அறியாதவர்கள் ஆங்கிலேயரிலும் உண்டு. ‘கிட்னி’ என்றால் எல்லாருக்கும் தெரியும். பிரிட்டனின் ராயல் மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்பு, 2018ஆம் ஆண்டில் மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நோயாளியைப் பற்றி இன்னொரு மருத்துவருக்கு எழுதி அதன் நகலை நோயாளிக்கு அனுப்புவதை விட, நோயாளிக்கே நேராக, அவருக்குப் புரியும் சொற்களில் எழுதுங்கள் என்று அது கேட்டுக்கொண்டது.

வளைகுடா நாடுகளில் பணிபுரிவோருக்கு இது இன்னும் பொருந்தும். மேலாளர் எகிப்தியராக இருப்பார். கணக்கர் பிலிப்பைன்ஸ் நாட்டவராக இருப்பார். ஓட்டுநர் பாகிஸ்தானியராக இருப்பார். எவருக்கும் ஆங்கிலம் தாய்மொழியன்று. எல்லாரும் எளிய சொற்களை அறிவர். கனத்த சொற்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அறிவர். அங்கே எளிமையே எல்லாரையும் இணைக்கும் பாலம்.

ஒரு விடுப்புக் கடிதம்

நம் பிள்ளைகள் பள்ளியில் கற்கும் விடுப்புக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம்.

‘ரெஸ்பெக்டட் ஸர், ஐ பெக் டு ஸ்டேட் தட் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர். ஹென்ஸ் ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட் யூ டு க்ரான்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ் அண்ட் ஆப்ளைஜ்.’

இதையே இயல்பாக எழுதினால் இவ்வாறு அமையும்:

‘டியர் ஸர், ஐ ஹேவ் எ ஃபீவர் அண்ட் கான்ட் கம் டு ஒர்க் டுடே. மே ஐ ஹேவ் டூ டேஸ் லீவ்? ஐ ஹோப் டு பி பேக் ஆன் தர்ஸ்டே.’

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதற்கடிதத்தில் ‘பெக்’ என்ற சொல் இருக்கிறது. அது இரந்து நிற்போன் சொல். ஊழியருக்கு உரிய விடுப்பைக் கேட்பதற்கு ஏன் இரக்க வேண்டும்? மரியாதை வேறு, இரத்தல் வேறு. ‘மே ஐ’ என்ற இரண்டு சொற்களில் வேண்டிய பணிவு முழுவதும் அடங்கிவிடுகிறது. ‘சஃபரிங்’ என்பது பெருநோய்க்கும் நெடுநோய்க்கும் பொருந்தும். இரண்டு நாள் காய்ச்சலுக்கு ‘ஹேவ்’ போதும். மேலும், எந்நாள் திரும்புவார் என்பதே மேலதிகாரிக்கு வேண்டிய செய்தி. அது முதற்கடிதத்தில் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. கனத்த சொற்களை அடுக்கும் ஆரவாரத்தில் சொல்ல வேண்டியதே விடுபட்டுப் போகிறது.

‘கைண்ட்லி டு த நீட்ஃபுல்’ என்பதும் இதே வகை. ஆவன செய்க என்கிறோம். ஆவது எது என்று சொல்வதில்லை. ‘ப்ளீஸ் ஸைன் த ஃபார்ம் அண்ட் ஸென்ட் இட் பேக் பை ஃப்ரைடே’ என்று எழுதிப் பாருங்கள். வெள்ளிக்கிழமைக்குள் காரியம் நடக்கும்.

எளிமைக்கும் ஓர் எல்லை

எளிமை என்றால் தெருப்பேச்சு என்று கொள்ளலாகாது. ‘கானா’, ‘வானா’ என்று திரைப்படங்களில் பேசுவதை விண்ணப்பத்தில் எழுதினால் அது இயல்பாகாது; அவமரியாதையாகும். வீட்டில் உடுத்தும் கைலியோடு நேர்காணலுக்குச் செல்லமாட்டோம். திருமண உடையோடு கடைவீதிக்கும் போகமாட்டோம். சொல்லும் அவ்வாறே. ஒப்பந்தத்தில் ‘பர்ச்சேஸ்’ இருக்கலாம். அது அங்கே பொருத்தமாகவே இருக்கும். சட்டத்தில் ‘மர்டர்’ வேறு, ‘மேன்ஸ்லாட்டர்’ வேறு. எளிமைக்காக இரண்டையும் ‘கில்லிங்’ என்று எழுதினால் ஒருவரின் தண்டனையே மாறிப்போகும்.

மறுகோடிக்குச் சென்றவர்களும் இருந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜில் கிரேக்கம் கற்பித்த சர் ஜான் சீக், அந்நியச் சொற்கள் கலவாத தூய ஆங்கிலம் வேண்டும் என்று விரும்பினார். நூறு வீரர்களின் தலைவனைக் குறிக்கும் ‘சென்ச்சூரியன்’ என்ற சொல்லை நீக்கி ‘ஹண்ட்ரடர்’ என்று ஆக்கினார். மக்கள் அதை ஏற்கவில்லை. பழகிய சொல்லே இயல்பான சொல். அதன் பூர்வீகம் எதுவாயினும் சரி. ‘டேபிள்’, ‘சேர்’, ‘பேப்பர்’ ஆகியவை பிரெஞ்சு வழி வந்தவை. அவற்றைவிட எளிய சொல் எது? ஆர்வெலும் தம் விதிகளின் இறுதியில், விதியைப் பின்பற்றினால் வாக்கியம் விகாரப்படும் என்றால் விதியை மீறுங்கள் என்றே கூறினார்.

எவ்வாறு பழகுவது?

முதலாவது, எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். நாவு தடுக்கும் இடத்தில் சொல் கனக்கிறது என்று அறிக. இரண்டாவது, இதை எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரிடம் இப்படியே சொல்வீர்களா என்று உங்களையே கேளுங்கள். மூன்றாவது, கற்போருக்கான ஆங்கில அகராதி ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். ஏ. எஸ். ஹார்ன்பி உருவாக்கி, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட அகராதியின் இன்றைய பதிப்புகளில், கனத்த சொற்களுக்கு அருகே ‘ஃபார்மல்’ என்று குறித்திருப்பார்கள். அந்தக் குறிப்பு ஓர் எச்சரிக்கைப் பலகை. 1978இல் வெளிவந்த லாங்மன் அகராதியோ, ஏறத்தாழ 2,000 எளிய சொற்களைக் கொண்டே மற்ற சொற்கள் அனைத்துக்கும் விளக்கம் தந்தது. ஒரு மொழி முழுவதையும் விளக்கப் போதுமான சொற்கள், நம் கடிதங்களுக்குப் போதாமற் போகுமா?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு பெரிய ஆங்கிலச் சொல்லைச் சொன்னவுடன் விருந்தினர் முன்னிலையில் மெச்சுகிறோம். அதே பிள்ளை எளிய ஐந்து வாக்கியங்களில் தன் மனத்திலுள்ளதைத் தெளிவாகச் சொன்னால், அதற்கும் ஒரு பாராட்டு வைத்திருங்கள். அந்தப் பாராட்டுத்தான் பிள்ளையின் கூச்சத்தைப் போக்கும்.

கீழே உள்ள ஐந்து வாக்கியங்களையும் வீட்டிலுள்ள அனைவரும் சேர்ந்து இயல்பான ஆங்கிலத்தில் மாற்றி எழுதுங்கள்.

1. கைண்ட்லி இன்டிமேட் மீ ரிகார்டிங் த டேட் ஆஃப் கமென்ஸ்மென்ட் ஆஃப் த கோர்ஸ்.

2. மை ஃபாதர் இஸ் அவுட் ஆஃப் ஸ்டேஷன். ஹி வில் ரிவெர்ட் டு யூ அப்பான் ஹிஸ் ரிடர்ன்.

3. வி ஆர் ரிசைடிங் அட் மதுரை.

4. த மேட்ச் ஹேஸ் பீன் போஸ்ட்போன்ட் ஓயிங் டு இன்க்ளெமென்ட் வெதர்.

5. ஐ ப்ரொக்யூர்ட் த மெடிசின், பட் த க்வான்டிட்டி இஸ் நாட் சஃபிஷியன்ட்.

விடைகளோடும் வேறொரு பாடத்தோடும் அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.